வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா

என் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு நான் போனது செப்டம்பரில். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் டிசம்பர் நடுவில். இவ்வளவு முன்கூட்டியே போகிறோம், இனி என்ன கவலை என்று நினைத்துக்கொண்டுதான் பேட்டையில் பஸ் ஏறினேன்.

நான் நிலவியல் படித்தவள். பிறந்த ஊர் திசையன்விளைப் பக்கம். ஊரை ஒட்டி மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல் தேரியைத்தான் எம்.எஸ்சி.யில் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். சார்தான் வழிகாட்டி. படிப்பு முடிந்த பிறகும் இரண்டு வருடம் அவருடைய ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். சித்திரை வெயிலில் குழி தோண்டி மணலை அள்ளி, பையில் கட்டி, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து சலித்து எடை போட்டதெல்லாம் நான்தான். அப்புறம் கல்யாணம், பிள்ளை, பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், விட்ட படிப்பை முனைவர் பட்டத்துக்காக மறுபடி பிடிக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். ஜெர்மனியில் இரண்டு பல்கலைக்கழகங்களில் என் மணலுக்கு ஏற்ற துறைகள் இருந்தன. ஆங்கிலத் தேர்வு எழுதி, அதில் வேண்டிய மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் பேச்சை எடுத்த அன்றைக்கே, "போய்ப் படி. பிள்ளைய நானும் அம்மையும் பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரிடம் இதில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு பேர் தரவேண்டும். இப்போதெல்லாம் காகிதத்தில் வாங்கி உறையில் போட்டு அனுப்புகிற வேலை இல்லை. விண்ணப்பத்தில் அவர்களுடைய மெயில் முகவரியை நாம் கொடுத்தால், பல்கலைக்கழகமே அவர்களுக்கு ஒரு லிங்க் அனுப்பும். அவர்கள் அதில் கடிதத்தை ஏற்றவேண்டும். கடைசி நாளுக்குள் ஏறவில்லை என்றால் விண்ணப்பம் அரைகுறை என்று ஒதுக்கிவிடுவார்கள். நாம் எப்படி எழுதியிருந்தாலும் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

சார் இப்போது துறைத்தலைவர் ஆகியிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். தேரியில் பாம்பைப் பார்த்து நான் மணல் பையை வீசிவிட்டு ஓடியதைச் சொல்லிச் சிரித்தார். நான் கொண்டுபோன ஆய்வேட்டைப் புரட்டி, "இந்த வேலைக்கு அங்க நல்ல மதிப்பு கிடைக்கும்மா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு, "உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுதார்?" என்று கேட்டார்.

"அவருக்குச் சம்மதம்தான் சார்."

"அப்ப ஒருநாள் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா. அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எழுதித் தாரேன்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. சில வருடம் முன்னால் ஒரு மாணவிக்கு அவர் கடிதம் கொடுத்து, அவள் போன பிறகு அவளுடைய மாமனார் கல்லூரிக்கே வந்து, குடும்பத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டாராம். பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்களாம். "நாளைக்கு எம்மேல பழி வரக்கூடாது பாரு. நீ சின்னப் பிள்ளைய வேற விட்டுட்டுப் போற" என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், "இதுதானா? சனிக்கிழமை வாரேன். ஒரு பேச்சுக்குப் போய்ட்டு வந்தா முடிஞ்சுது" என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் வகுப்பில் போர்டில் எழுதும்போதும், மகளுக்குச் சடை போடும்போதும், அதுவே உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வயது எனக்கு. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளை நம்பி என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலா போகத்தான் பெற்றோரிடம் சம்மதம் எழுதி வாங்கி வருவார்கள். அந்த வரிசையில் நானும் போய் நிற்கவேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலையில் அவரிடம், "நாளைக்கு வரவேண்டாம்" என்றேன்.

"ஏம்ளா?"

"நீங்க கத்தாருக்குப் போனியள்ல, அப்ப நம்ம பிள்ள தவந்துட்டு கெடந்தா. பட்டறை அண்ணாச்சிகிட்ட அனுபவச் சான்றிதழ் கேக்கப் போனிய. உம் பெஞ்சாதியக் கூட்டிட்டு வாடே, ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்னு அவர் சொன்னாரா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தார். "சொல்லல" என்றார்.

"அவ்வளவுதான். நான் தனியாத்தான் போவேன்."

"அது வேற, இது வேற" என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்படி வேறு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்டோபரில் மறுபடி போனேன். சார் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் வரலியா?" என்றார்.

"வரல சார். கூட்டிட்டு வரமாட்டேன். அவர் சம்மதம் எங்க வீட்டு விஷயம். நான் எப்படி வேலை செஞ்சேன்னு உங்களுக்குத் தெரியும். அதைத்தான் அங்க கேக்குறாங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மேஜையில் இருந்த விடைத்தாள் கட்டைச் சரிசெய்தார். "டிசம்பர்லதானம்மா கடைசி? பாப்போம். அவசரம் என்ன?" என்றார்.

அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும் பாப்போம்தான். இரண்டு முறை மெயில் அனுப்பினேன். லிங்க் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டேன். "வந்திருக்கு. பாப்போம்."

இன்னொரு கடிதத்தை நான் கேட்டிருந்தது, எங்களுக்கு ஆய்வகத்தில் பாடம் எடுத்த மேடத்திடம். அவர் இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறார். போனில் கேட்டேன். என்னென்ன வேலை செய்தாய் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்கிறேன் என்றார். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்னாலேயே அவர் கடிதம் ஏறிவிட்டது. நவம்பர் தொடக்கத்தில் அவரிடம் சாரைப் பற்றிச் சொன்னபோது, "நீ இன்னும் எதுக்குக் காத்திருக்கே? இப்பவே வேற ஆளைப் பாரு. எழுதுறவருக்கும் படிச்சுப் பார்க்க நேரம் கொடுக்கணும்ல. கடைசி வாரத்தில் போய் நின்னா எவ்வளவு நல்ல மனுஷரும் ரெண்டு வரிதான் எழுதுவார்" என்றார்.

வேறு ஆள் என்றால் யார்? பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நல்லவர்தான், ஆனால் நான் மணலில் என்ன செய்தேன் என்று அவருக்கு என்ன தெரியும்? அப்போதுதான் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஞாபகத்துக்கு வந்தார். வடக்கே ஓர் ஆய்வு நிறுவனத்தில் விஞ்ஞானி. மற்றவர்களைச் சீக்கிரம் விட்டுவிட்டு, என்னை மட்டும் நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டவர். அன்றைக்கு வெளியே வந்து தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்தேன். அவர் முகவரியைத் தேடிப் பிடித்து மெயில் எழுதினேன். சார் விஷயம் எதையும் சொல்லவில்லை.

மறுநாளே பதில் வந்தது. "தேரி மணல் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களை ஞாபகமில்லை. ஆய்வேட்டை அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவேன்." அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அனுப்பினேன். அதோடு பேச்சில்லை. அவர் ஏதோ மலைப்பகுதிக்குக் களப்பணிக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடையாது என்று அவர் அலுவலகத்தில் சொன்னார்கள். எப்போது வருவார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் ஒரு நாள், மதிய இடைவேளையில் சார் போன் செய்தார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். "உன் லெட்டர் ரெடிம்மா. உன் வீட்டுக்காரர் நேத்து வந்திருந்தார். தங்கமான மனுசன். நாளைக்கு வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போ, ஏத்திரலாம்."

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்தேன்.

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். அவர் லேத்தில் ஏதோ கடைந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார். சுற்றிக்கொண்டிருந்தது நிற்கும் வரை காத்திருந்தேன்.

"காலேஜுக்குப் போனியளா?"

"பாளையங்கோட்டையில ஒரு ஷாஃப்ட் கொடுக்க வேண்டியிருந்தது. போற வழிதான."

"என்ன சொன்னிய?"

"எனக்குச் சம்மதம்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? டீ வாங்கித் தந்தார்."

"போகாதீங்கன்னு நான் சொன்னேன்லா."

அவர் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொன்ன. தேதி போய்ட்டிருக்கு. நீ மெயிலத் திறந்து பாக்கதும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுததும் நான் பாக்கேன்லா. வீம்புக்கு எதுக்கு ஒரு வருசத்தைப் போக்கணும்? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். நான் விட்டுக்கொடுத்துட்டேன்."

"நீங்க விட்டுக்கொடுத்தது உங்களோடதில்ல" என்றேன். "என்னோடது."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார். அது எனக்கும் தெரியும். அது தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். வீட்டுக்குப் போகும்போது வண்டியில் அவர் பின்னால் உட்காராமல், நடந்தே போனேன். அவர் வண்டியைப் பைய உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார்.

மறுநாள் கல்லூரிக்குப் போனபோது சார் மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். துறையில் எல்லோரும் அவரை "சாமி" என்று கூப்பிட்டார்கள். நான் வழக்கம்போல் சார் என்றே கூப்பிட்டேன். அவர் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

உண்மையைச் சொல்லவேண்டும், கடிதம் அருமையாக இருந்தது. என் களப்பணி, கவனம், மணல் துகள்களை அளந்த முறை எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார். எந்த வெயிலிலும் வேலையைப் பாதியில் விட்டதில்லை என்றுகூட ஒரு வரி. கண் கலங்கிவிட்டது. கடைசிப் பத்திக்கு வந்தேன். திருமணமானவர், ஒரு பெண் குழந்தையின் தாய், கணவரின் முழுச் சம்மதத்துடன் விண்ணப்பிக்கிறார், கணவரை நான் நேரில் சந்தித்து உறுதி செய்துகொண்டேன் என்று இருந்தது.

"சார், இந்தப் பத்தி மட்டும் வேண்டாம். மத்ததெல்லாம் நீங்க எழுதினபடியே இருக்கட்டும்."

"அதாம்மா முக்கியம். பாதியில விட்டுட்டு ஓடி வரமாட்டான்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும்லா."

"வெயில்ல வேலைய விட்டதில்லன்னு எழுதியிருக்கீங்களே சார். அது போதாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை எடுத்துட்டு என்னால தரமுடியாது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா எனக்கு அதுதான் ஆதாரம்" என்றார்.

ஆக, அந்தப் பத்தி ஜெர்மனிக்காரனுக்காக எழுதியது இல்லை. வராந்தாவில் வந்து சத்தம் போடப்போகும் ஏதோ ஒரு மாமனாருக்காக எழுதியது. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அதை நான் என் தலையில் சுமந்துகொண்டு போகமுடியாது.

"அப்படின்னா உங்க பேரை விண்ணப்பத்துல இருந்து எடுத்துருதேன் சார். போன்ல சொல்லாம நேர்லயே சொல்லுதேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் தரமாட்டேன்னு சொல்லலியே."

"சொல்லல சார். செப்டம்பர்லயே சொல்லியிருந்தா நான் அப்பவே வேற ஆளைப் பாத்திருப்பேன். பாப்போம் பாப்போம்னு சொன்னதுலதான் இங்கன வந்து நிக்கேன்."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு உனக்கு? யார் எழுதித் தருவா?"

"தெரியல சார்."

நிஜமாகவே தெரியவில்லை. தேர்வாளரிடமிருந்து ஒரு வரிகூட வந்திருக்கவில்லை. ஆனாலும் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே போனை எடுத்து, விண்ணப்பங்களைத் திறந்து, இரண்டிலும் அவர் பெயரை நீக்கினேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். பயம் இல்லாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

அடுத்த சில நாட்கள் வீட்டில் சாப்பாடு, பள்ளிக்கூடம், மழை தவிர வேறு பேச்சில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுவிடுமோ என்று ஆளாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சபையில் அவளை விட்டுவிட்டு வெளியே குடையோடு நின்றபோது தேர்வாளரின் மெயில் வந்தது.

ஆய்வேட்டைக் களத்திலேயே முழுதும் படித்துவிட்டாராம். மூன்று கேள்விகள். அதில் ஒன்று, இரண்டு குழிகளின் மணலை மட்டும் ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்பது. அந்த இரண்டு குழிகளும் முருங்கைத் தோட்டத்துக்குள் இருந்தன, அங்கே வெளியிலிருந்து குளத்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள், அது கலந்துவிட்டதால் தேரி மணல் என்று சொல்லமுடியாது என்று எழுதினேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனிலேயே மூன்றுக்கும் பதில் எழுதி முடித்தேன். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "இதை நீங்க அன்னைக்கே ஆய்வேட்டுல எழுதியிருக்கணும்" என்றார். பிறகு, "லிங்கை அனுப்பச் சொல்லுங்க" என்றார். குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட அவருக்குத் தெரியாது.

கடைசி நாளுக்கு முந்தைய தினம் அவர் கடிதம் ஏறியது. ஏறிவிட்டது என்ற மெயில் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் கொஞ்சம்தான் இருந்தது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஜெயிச்சிட்ட" என்றார். குரலில் இன்னும் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எனக்கும் இருந்தது. அன்றைக்கு அவர் போட்ட பாலில்லாத கட்டங்காப்பியைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்று வேண்டாம் என்று எழுதிவிட்டது. இன்னொன்று பிப்ரவரியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது, மார்ச்சில் இடம் தந்தது. சாரின் கடிதம் போயிருந்தால் இரண்டும் கிடைத்திருக்குமோ என்று கேட்டவர்கள் உண்டு. கிடைத்திருக்கலாம். அந்தப் பத்தியோடு கிடைத்திருந்தால் எனக்கு அது வேண்டியதில்லை. செய்தி கேட்டு சார் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினார். நன்றி சார் என்று பதில் போட்டேன். அவர் கற்றுக்கொடுத்ததுக்கு அந்த நன்றி நிஜமானதுதான்.

கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சபையில் எனக்காக ஜெபித்தார்கள். எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்போம். ஐயர் என் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, இப்படி மனைவியை அனுப்பி வைக்கிற புருஷனின் பெரிய மனதுக்காகவும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆண்கள் வரிசையாக வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் கூச்சத்தோடு எல்லோருக்கும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைத் தேடிப் போட்டேன்.

பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அக்கா என்னிடம் வந்து, "பிள்ளைய யார் பாப்பா?" என்று கேட்டார்.

"அவ அப்பா."

"ஆம்பளைக்கு என்ன தெரியும்? சடை போடத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "கத்துக்கிடுவாரு."

அந்த அக்கா வேறு எதுவோ சொல்ல வாயெடுத்தார். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தேன்.